மூச்சை இழுத்துச் சொல்லும் ஆமாம்

என் தொடர்கதைகளில் காதலிக்கிற எவனும் வந்த மாதிரியே திரும்பிப் போனதில்லை. முப்பத்தொரு வருடமாகப் பெண்கள் வார இதழ் ஒன்றில் எழுதுகிறேன். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு கதை. முதல் வாரத்தில் யாரோடும் ஒட்டாமல் முறைத்துக்கொண்டு திரிகிற கால்நடை வைத்தியன், பன்னிரண்டாம் வாரத்தில் ஊருக்கே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பான். முதல் வாரத்துக் குடிகாரன் கடைசியில் தேவாலயத்தில் பாடுவான். நடுவில் ஒரு பெண் வந்திருப்பாள். வேறொன்றும் நடந்திருக்காது.

அச்சுக்குப் போகுமுன் என் கதையைப் படிப்பவள் மரிகா. ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தாறு வயது, இதழின் கதைப் பகுதிக்குப் பொறுப்பு. நான் எழுதி அனுப்பும் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான். "எங்கே மாறினான்?"

"காதல்னா மனுஷனை வளக்கணும் குன்வோர். வளக்கலைன்னா அது வெறும் ஜலதோஷம்" என்பாள் தொலைபேசியில்.

அவளுக்குக் காதலும் தெரியாது, ஜலதோஷமும் தெரியாது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அவள் கேட்டபடி மாற்றிக் கொடுத்துவிடுவேன். காகிதத்தில் மனிதர்களை வளர்ப்பது எனக்குக் கைவந்த வேலை. நிஜத்தில் நான் வளர்த்துவிட்டது ஒரே ஒருவனைத்தான். அவன் பெயர் தோர்கெல்.

வடக்கே சுண்ட்ஸ்வால் என்ற ஊரில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் சலவை அறை இருக்கிறது. நான்கு மெஷின், ஒரு டிரையர், துணி மடிக்க ஒரு நீண்ட மேசை. கதவுக்குப் பக்கத்தில் முறைப் பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் பொறித்த சின்னப் பூட்டு ஒன்று உண்டு. எந்த நாள், எந்த மூன்று மணி நேரம் வேண்டுமோ அந்த ஓட்டையில் நம் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் நமக்கு. இதில் சண்டை வராத குடியிருப்பு இந்த நாட்டில் கிடையாது. ஆனால் சண்டையை யாரும் வாயால் போடுவதில்லை. சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் மாடி ஏறிவிடுவோம். கையெழுத்து போடுவதும் இல்லை.

என் முறை வியாழக்கிழமை பத்திலிருந்து ஒன்று வரை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வியாழன், டிரையரின் மேல் எனக்கென்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"பத்து மணிக்காரருக்கு. டிரையர் வடிகட்டியில் பஞ்சை எடுக்க மறந்துவிடுகிறீர்கள். மூன்று வாரமாக நான்தான் எடுக்கிறேன். உங்கள் கதையைப் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது படித்தேன். நன்றாக இருந்தது. பஞ்சை எடுங்கள். தோர்கெல், மூன்றாம் மாடி."

கையெழுத்துப் போட்ட சீட்டை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எனக்கு அடுத்த முறைக்காக ஒரு மணிக்கு அவன் கூடையோடு இறங்கி வரும்வரை அங்கேயே நின்றேன்.

வந்தவன் நெட்டையான ஆள். காகித ஆலையில் நாற்பது வருடம் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவன். அறுபது வயது இருக்கும். என்னைக் கண்டதும் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இதை நேர்ல சொல்றதுக்கென்ன? வாய் வராதா உங்களுக்கு?" என்றேன்.

அவன் உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தான். ஷுப்.

எங்கள் வடக்குப் பக்கத்தில் அதுதான் ஆமாம். ஆமாம் என்ற சொல்லுக்காக வாயைத் திறப்பது இங்கே ஆண்களுக்கு அநாவசியச் செலவு. தெற்கிலிருந்து ஒருமுறை என்னைப் பார்க்க வந்த மரிகா, டாக்ஸி ஓட்டியவர் இப்படி மூச்சிழுத்ததைக் கேட்டு அவருக்கு நெஞ்சுவலி என்று பயந்துவிட்டாள்.

"என்னது, ஆமாவா? நிஜமாவே வாய் வராதா?"

ஷுப்.

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அதுவரை யாரும் வேண்டாம் என்று இருந்தவள். வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம், ஏக்கத்தை மறைத்துக்கொண்டு வீம்புக்குச் சொன்னதில்லை. சமையல் மேடைப் பக்கம் நின்றபடியே சாப்பிடுவேன், வானொலி பேசிக்கொண்டிருக்கும், பிறகு எழுதப் போவேன். எனக்கு அது போதும், குறையே இல்லை. அடுத்த வியாழன் நான் வேண்டுமென்றே தாமதமாகத் துவைத்தேன். ஒரு மணிக்கு அவன் வந்தபோது என் படுக்கை விரிப்புகள் ஈரமாகவே கிடந்தன. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, சுருக்கம் போக உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது கை படும். எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன், எனக்கு அது நடந்ததில்லை. அன்று நடந்தது.

நான்கு மாதம் விரிப்பு மடித்த பிறகுதான் அவன் முதன்முதலாக முழுசாக ஒரு விஷயம் சொன்னான். அவன் கூடையில் எப்போதும் நீலப்பூ போட்ட ஒரு தலையணை உறை வரும். பழசு, நைந்துபோனது. "இதைத் தூக்கிப் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவன் அதை மேசையில் விரித்து நீவிவிட்டான்.

"அன்னெலியோடது. என் மக. பத்தொன்பது வயசு. பனியில கார் சறுக்கிப் போயிட்டா."

நான் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தேன். அவன் தொடர்ந்தான்.

"அதுக்கப்புறம் ஒரு குளிர்காலம் பூரா நான் வீட்ல ஒரு வார்த்தை பேசல. சீட்டு எழுதி வைப்பேன். சூப் பாத்திரத்துல இருக்கு. வேலைக்குப் போறேன். இப்படித்தான். வசந்தத்துல என் பொண்டாட்டி சீவும் ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுக் கிளம்பிட்டா."

"என்ன எழுதியிருந்தா?"

"இந்த வீட்ல யாராவது பேசியிருந்தா நான் இருந்திருப்பேன்னு."

அன்று மாலை அவனை என் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். பிறகு அவன் என் வீட்டில்தான் பெரும்பாலும் இருந்தான். மூன்றாம் மாடி வீட்டையும் வைத்திருந்தான். அந்த வயதில் இங்கே பலரும் அப்படித்தான், காதல் ஒரு வீட்டில், சோபா இரண்டு வீட்டில்.

என் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டேன். சீட்டு எழுதக் கூடாது. ஆரம்பத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவான், "பால் தீர்ந்தது" என்று. அதைக் கிழித்து அவன் சட்டைப் பையிலேயே போடுவேன்.

"வாயில சொல்லு மனுஷா. பால் தீந்துபோச்சுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"பால் தீந்துபோச்சு" என்பான், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல.

"ம். அடுத்து?"

"அடுத்து என்ன?"

"அடுத்து, குன்வோர், இன்னிக்கு நீ அழகா இருக்கேன்னு."

அவனுக்குக் காது சிவந்துவிடும். ஷுப் என்பான். அதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்வதில்லை. முழுசாகச் சொல்லவைத்துவிட்டுத்தான் காபியை நகர்த்துவேன்.

அவன் மாறினான். என் கண் முன்னால், வாரம் வாரம், மாறினான். பல் மருத்துவரிடம் வலிக்கிறது என்று சொன்னான். பதினோரு வருடமாகப் பேசாத தங்கைக்குத் தொலைபேசி போட்டான். குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, வாசல் பனியைக் காலையில் சீக்கிரமே அள்ள வேண்டும் என்று மூன்று வாக்கியம் பேசினான். மூன்றும் முழு வாக்கியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் கையைக் கிள்ளிவிட்டேன். என் கதைகளில் பொய்யாக எழுதி எழுதி ஏமாற்றிய விஷயம் நிஜமாகவே நடக்கும் என்று அப்போதுதான் நம்பினேன். எனக்கு அவன்மேல் அவ்வளவு ஆசை இருந்தது. அவன் எனக்கு வேண்டும், முழுசாக வேண்டும், மூன்றாம் மாடியைக் காலி செய்துவிட்டு அவன் சோபாவோடு வேண்டும்.

இந்த வருடம் ஜனவரியில் அதைக் கேட்டேன். மே மாதம் வந்துவிடு என்றேன். ஷுப் என்றான், உடனே. வீட்டை விடுகிறேன் என்று நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய தாளை நானே எடுத்துவந்து அவன் சமையலறை மேசையில் வைத்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிப்ரவரி பாதியாகியும் அந்தத் தாள் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் அப்படியே கிடந்தது.

"மனசு இல்லையா?" என்று கேட்டேன்.

"மனசு இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "சீவ்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. சொல்லாம உன் வீட்டுக்கு வந்தா, அதையும் ஒரு பெட்டியில போட்டுத் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும்."

அதே வாரம்தான் மரிகாவின் தொலைபேசி வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் ஆர்விட் என்று ஒரு கலங்கரை விளக்கக் காவலன், எலின் என்று ஒரு தபால்காரி. ஆர்விட் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய மூச்சிழுப்பைக்கூட விடாமல் எழுதியிருந்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கதை முட்டிக்கொண்டு நின்றது.

"பால் வாங்கறான், டாக்டர்கிட்ட பல்லைக் காட்டறான், கூட்டத்துல பேசறான். எல்லாம் சரி" என்றாள் மரிகா. "ஆனா நிஜமா எங்கே மாறினான்? பழைய பொண்டாட்டி முன்னாடி போய் நின்னு, அன்னிக்குச் சொல்லாததைச் சொல்லட்டும். சொல்லிட்டு எலின்கிட்ட திரும்பி வரட்டும். அப்பத்தான் வளந்தான்னு அர்த்தம்."

"வராம போயிட்டா?"

"கதை உங்களுது குன்வோர். வராம எங்கே போவான்?"

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனைச் சீவிடம் போகச் சொன்னது அவன் நிம்மதிக்காக என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு ஒன்பதாம் அத்தியாயம் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியவில்லை. தொழில் புத்தி.

"போய்ச் சொல்லிட்டு வா" என்றேன். "சனிக்கிழமை காலை வண்டி. சீவ் இருக்கற ஹெர்னோசான்ட் ஒரு மணி நேரம்தான். சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம்."

"எனக்கு வராது. அவ முன்னாடி போனா வாய் கட்டிக்கும்."

"பழகிக்கோ. நான்தான் சீவ். சொல்லு."

வியாழக்கிழமை. சலவை அறையில், மடிக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை, தரையைப் பார்த்து, "சீவ், மன்னிச்சுக்கோ" என்றான்.

"இது யாருக்கு வேணும்? மன்னிப்பைத் தூக்கி ஓரமா வை. அன்னிக்கு ஏன் பேசலைன்னு சொல்லு."

இரண்டாம் தடவை, "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றான்.

"அதுவும் பொய். தெரிஞ்சுது. பயந்துட்ட. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு தோர்கெல்."

மூன்றாம் தடவை அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி என் கண்ணைப் பார்த்தான்.

"சீவ், நான் வாயைத் திறந்தா அன்னெலி செத்துட்டான்னுதான் வரும்னு தெரியும். நான் சொல்லாத வரைக்கும் அவ பாதி உயிரோட இருக்கான்னு நினைச்சேன். நீ தனியா அழுதே. நான் கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் உக்காந்திருந்தேன். உனக்கு அது தெரியாது."

அந்தக் கணத்தில் எனக்கு வந்திருக்க வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. இதைக் கேட்கிற எந்தப் பெண் இவனைத் திரும்ப அனுப்புவாள்? முப்பத்தொரு வருடம் காதல் கதை எழுதியவளுக்கு அது தோன்றவில்லை. நான் நோட்டை எடுத்து, மறந்துவிடுமுன், அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன்.

"இதேதான். இதையே சொல்லு. ஒரு எழுத்து மாத்தாதே" என்றேன்.

சனிக்கிழமை காலை நானே நிலையத்துக்குப் போய் வழியனுப்பினேன். கழுத்துத்துணியைச் சரிசெய்துவிட்டேன். "சாயங்காலம் சால்மன் மீன் செய்யறேன். வந்துடுவதானே?" என்று கேட்டேன். ஷுப் என்றான். வண்டி போனது. வீட்டுக்கு ஓடிவந்து ஒன்பதாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ஆர்விட் பழைய மனைவியிடம் பேசுகிறான். கதவுக்கு வெளியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்கிறான். அவள் அழுது, அவன் கையைத் தொட்டு, போய் வா என்கிறாள். தோளில் பனியோடு எலினின் மாடிப்படியில் வந்து நிற்கிறான். அழுதுகொண்டே எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

மாலை வண்டியில் அவன் வரவில்லை. ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பேசிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு வருகிறேன்." எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. பாருங்கள் என் மடத்தனத்தை. அவன் பேசுகிறான், இரவு முழுக்கப் பேச அவனிடம் இவ்வளவு இருக்கிறது என்று நினைத்தேன். சால்மனைத் தட்டுப்போட்டு மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி அடித்தது. அவனிடம் சாவி இருக்கிறது, ஆனாலும் மணி அடித்தான். கதவைத் திறந்தால் மாடிப்படியில் நின்றான். தோளில் பனி இருந்தது. என் அத்தியாயத்தில் எழுதியபடியே இருந்தது. முகம் வேறு மாதிரி இருந்தது, பத்து வயது இறங்கினாற்போல். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சொன்னியா?"

"சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"அப்ப முடிஞ்சுது. இனிமே இங்கதானே?"

அவன் மூச்சை உள்ளே இழுத்தான்.

அந்த ஒரு கணம் என் வாழ்க்கையில் எல்லாமே இருந்தது. மே மாதம், அவன் சோபா, சன்னல் பக்கம் அதற்கு ஒதுக்கிவைத்த இடம், எல்லாம். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது ஆமாம் இல்லை. பேசப்போகிற மனிதன் மூச்சு எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். நான்தான் அவனுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தேன். பேசுமுன் நன்றாக மூச்சு எடுத்துக்கொள் என்று.

"குன்வோர், உன் கண்ணைப் பார்த்துச் சொல்றேன்" என்றான். "நான் சீவ்கிட்டயே போறேன். அவளும் கதவுக்கு உள்பக்கம் உக்காந்திருந்தாளாம். அதே குளிர்காலம், ஒரே கதவு, ரெண்டு பக்கமும். எனக்குத் தெரியாது. நேத்துதான் சொன்னா. இத்தனை வருஷம் கழிச்சு அன்னெலியைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பேசினோம். அவளைத் தெரிஞ்ச வேற ஆள் எனக்குக் கிடையாது. உன்னை ஏமாத்தணும்னு நினைக்கல. உன்மேல எனக்குப் பிரியம் இருக்கு, இப்பவும் இருக்கு. ஆனா போறேன். இதைச் சீட்டுல எழுதி வச்சுட்டுப் போயிருப்பேன், நாலு வருஷத்துக்கு முன்னாடின்னா. நீதான் எனக்குப் பேசக் கத்துக்கொடுத்தே. அதனால நேர்ல சொல்றேன்."

ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருத்துவதற்கு எனக்கு ஒன்றுமே விடவில்லை.

அடப்பாவி, சீட்டே எழுதி ஒட்டியிருக்கலாமே என்று நினைத்தேன். கிழித்திருப்பேன். அழுதிருப்பேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பொறுமையாக, கனிவாக, நான் அவனிடம் காத்திருந்த மாதிரியே காத்துக்கொண்டு நின்றான்.

என் வாயில் ஒரு சொல் இருந்தது. போகாதே. மூன்றே எழுத்து.

"காபி குடிக்கிறியா?" என்றேன்.

குடித்தான். குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். சாவியை மேசையில் வைத்தான். வாசலில் நின்று, "எதாவது சொல்லணுமா குன்வோர்?" என்று கேட்டான். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். பேசத்தான் இழுத்தேன். அது வெளியே வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாடி ஏறிப் போனான்.

நிர்வாகத் தாளில் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று பிறகு தெரிந்தது. வேறு முகவரியோடு. மார்ச் கடைசியில் வண்டி வந்து சாமான்களை ஏற்றிப்போனது. நான் அன்று நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தபோது முறைப் பலகையில் அவன் பூட்டு இல்லை. அது இருந்த ஓட்டை காலியாக இருந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தை நான் மாற்றவில்லை. மாற்றத் தெம்பில்லை. மரிகா துள்ளினாள்.

"குன்வோர், அந்தக் கதவுக்கு வெளியில உக்காந்திருந்த இடம்! எங்கேருந்து புடிச்சீங்க? ஆபீஸ்ல ரெண்டு பேர் அழுதாங்க. ஆர்விட் வளந்துட்டான்!"

"வளந்துட்டான்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. எலின். அவ முதல் வாரத்துல எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கா. அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கறா, தான் மட்டும் ஒரு தடவைகூட மனசுல இருக்கறதைச் சொல்றதில்ல. கிண்டல் பண்றா, காபி போடறா. அவ எங்கே மாறினா?"

அவள் இணைப்பு போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றாள்.

மாறாமல் என்ன? மாறினேன். நின்றபடி சாப்பிட முடிவதில்லை. இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். வானொலியில் பேசுகிறவர்கள் என்னிடம் பேசவில்லை என்பது இப்போது தெரிகிறது, முன்பு தெரியவில்லை. முன்பிருந்த குன்வோருக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அவளைத் தேடிப் பார்க்கிறேன், அவள் இந்த வீட்டில் இல்லை. காதல் வளர்க்கும் என்று மரிகா சொல்வது உண்மைதான். வளர்ந்தவர்கள் பழைய சட்டைக்குள் திரும்பப் போக முடியாது என்பதை அவள் எங்கேயும் குறித்துவைக்கவில்லை.

வாசகர் கடிதங்கள் வந்தன, வழக்கத்தைவிட நிறைய. வடக்கே கிரூனாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள், தன் கணவர் இருபது வருடமாகப் பேசுவதில்லை என்றும், ஆர்விட்டின் அத்தியாயத்தை அவர் கண்ணில் படும்படி மேசையில் விரித்து வைத்திருப்பதாகவும், நம்பிக்கை கொடுத்ததற்கு நன்றி என்றும். எல்லாக் கடிதத்துக்கும் நான் பதில் எழுதுவது வழக்கம். அவளுக்கு எழுத முடியவில்லை. மேசையிலிருந்து அதை எடுத்துவிடு அம்மா என்று எழுத வேண்டும். அவர் பேசிவிட்டால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஒரு வியாழன், பத்து மணிக்குச் சலவை அறைக்குப் போனேன். வடிகட்டியில் பஞ்சை எடுத்தேன். இப்போதெல்லாம் மறப்பதில்லை. யாரும் இல்லை. மெஷின் ஓட ஆரம்பித்ததும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேசையில் வைத்து எழுதினேன்.

"தோர்கெல், போகாதே. குன்வோர், முதல் மாடி."

டிரையருக்கு மேலே, அவன் முதல் சீட்டு ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்டினேன். அவன் அங்கே வரமாட்டான் என்று தெரியும். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சமையலறையில் உட்கார்ந்து தெளிவாக, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பான். ஆனாலும் ஒட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் மாடி ஏறினேன்.

அடுத்த வியாழன் போனபோது சீட்டு அப்படியே இருந்தது. என் எழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

"இந்தச் சுவர் சலவை தொடர்பான அறிவிப்புகளுக்கு மட்டும்."

கையெழுத்து இல்லை. ஒருமணிக்கார ஓட்டையில் புதிதாக யாருடைய பூட்டோ மாட்டியிருந்தது. நான் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். மெஷின் நின்றதும் பெரிய விரிப்பை எடுத்து, ஒரு முனையைக் கதவின் கைப்பிடியில் முடிச்சுப்போட்டுவிட்டு, மறுமுனையைப் பிடித்துப் பின்னால் நடந்து, இழுத்தேன்.